கண்டக்டர் இல்லாமல் நகராத தெரு

வராத வெள்ளத்துக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற வேலை எனக்கு. சொட்டு மருந்துக்கும் கணக்கெடுப்புக்கும் வெயிலில் அலைந்த அக்கா தங்கச்சிகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கதவு திறக்கும் முன்னால் ஜன்னல் வழியே ஒரு கண் நம்மை அளக்குமே, அந்தக் கண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். மதுரையில் கண்மாய்க்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு, மகளிர் குழுவிலிருந்து என்னைப் பேரிடர் தன்னார்வலராகப் போட்டார்கள். கண்மாய் உடைந்தாலும் பூமி ஆடினாலும் தெருச் சனம் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு இப்போதே பழக்க வேண்டும். மீனாட்சி மேல் பாரத்தைப் போட்டு ஒத்துக்கொண்டேன்.

என் கவலையெல்லாம் ஒரே ஆள்தான். தெருவின் கடைசியில், பள்ளத்து வீட்டில் தனியாக இருக்கும் சோலைமலை அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் நடக்காது, வாய் நடக்கும். முந்தைய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, கட்டில் மேல் உட்கார்ந்திருந்தவரை இளவட்டங்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தடவையும் தண்ணீர் அந்த அளவோடு நிற்கும் என்று யார் சொல்வது?

போக்கிடம் எது?

முதல் நாள், புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணின் வீடு. இடுப்பில் குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "வெள்ளம் வந்தா எங்க போவீங்கம்மா?" என்று சிரித்த முகமாகக் கேட்டேன்.

உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமியா வீட்டுக்குத்தான் போகணும்க்கா. அதுக்கு வெள்ளமே தேவல."

கட்டிலுக்கடியில்

நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்று சொல்ல, சின்ன வயது இஞ்சினியர் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தங்கமான பிள்ளை, யார் வீட்டில் காபி கொடுத்தாலும் மறுக்காமல் குடிக்கும். எதிர்வீட்டுப் பாண்டியம்மா வீட்டில் கூட்டம் போட்டோம். ஆட்டம் தொடங்கினால் உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையை மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் மேசை இருக்கிறது? "சரி, கட்டில் உறுதியா இருந்தா அதுக்கடியில போகலாம்" என்றாள். எல்லோரும் பாண்டியம்மாவின் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தோம். வெங்காய மூட்டை, பழைய மிக்சி, ஒரு சைக்கிள் டயர், விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடம். எறும்பு போகக்கூட இடமில்லை.

பாண்டியம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "பூமிய ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆடச் சொல்லு கண்ணு, வெங்காயத்த எடுத்து வெளிய வச்சுர்றேன்."

வெயிலில் ஒரு வெள்ளம்

முதல் ஒத்திகையைச் சித்திரை வெயிலில் வைத்தோம். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்துக்குள் பாய்ந்தார்கள். வழியில் பைக்குகள், நடுவில் ஒரு ஆடு, ஒருவர் பிரிட்ஜையே இழுத்துக்கொண்டு வந்தார். தெரு அடைத்துக்கொண்டது. நிஜத் தண்ணீராக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று சாயங்காலம் அம்மன் கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இதே சனம், இதே சந்து வழியாக வருஷா வருஷம் தலையில் முளைப்பாரியைச் சுமந்து கண்மாய்க்குப் போகிறதே, என்றைக்காவது இடித்துக்கொண்டதுண்டா? பைக்கையெல்லாம் முதல் நாளே எடுத்துவிடுவார்கள். வயதானவர்கள் முன்னால், பிள்ளைக்காரிகள் நடுவில், இளவட்டங்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து வருவார்கள். அதே மாதிரி நடப்போம், முக்கில் மட்டும் கண்மாய்ப் பக்கம் திரும்பாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புவோம் என்று குழுவில் சொன்னேன். இஞ்சினியர் பிள்ளை கைதட்டியது.

பாண்டியம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "அப்ப கொலவ போடணுமாக்கா, வேணாமா?"

கண்டக்டர் இறங்கமாட்டார்

அடுத்த ஒத்திகை ஆற்று ஓட்டம் மாதிரி சீராகப் போனது. ஆனால் சோலைமலை அண்ணன் அசையவில்லை. "எல்லாரும் போங்க தங்கச்சி. கடைசி ஆள் போனப்பறம் நான் வாரேன். பஸ்ஸுல ஆள் இருக்கையில கண்டக்டர் எறங்குனதா சரித்திரமே இல்ல" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். கெஞ்சினேன், கோபித்தேன், அழகர்கோவில் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நேர்ந்துகொண்டு ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். "அண்ணே, ஒங்க முழங்காலுக்குக் காய்கறித் தள்ளுவண்டி சொல்லி வச்சிருக்கேன். பள்ளிக்கூட வாசல்ல ஏறுற ஆளை எண்ண ஆளில்ல. கண்டக்டர் முன்னாடியே நிக்கலேன்னா வண்டிக்குள்ள யார் இருக்கா, யார் இல்லேன்னு எப்படித் தெரியும்?" என்றேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தலையணைக்கடியில் கை விட்டுப் பழைய விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"காய்கறித் தள்ளுவண்டியில வர்றது கண்டக்டருக்குக் கௌரவம் இல்லதான். சரி, ஸ்பெஷல் வண்டின்னு நெனச்சுக்கிறேன்."

நிஜ மழை

ஐப்பசியில் அது வந்தது. மத்தியானம் இஞ்சினியர் பிள்ளை போன் பண்ணி, கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது என்றாள். தள்ளுவண்டி முதலில் கிளம்பியது. அதில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டே சோலைமலை அண்ணன் போனார். பின்னால் தெரு மொத்தமும் கொட்டுகிற மழையில், தலையில் ஆளுக்கொரு பையோடு முளைப்பாரி வரிசையில் நடந்தது. ஓட்டமில்லை, கத்தலில்லை. நான் வீடு வீடாக எட்டிப் பார்த்து, விளக்கணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தேன். தண்ணீர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அதை வரவேற்க ஒரு ஆள்கூட இல்லை.

பள்ளிக்கூட வாசலில் பாண்டியம்மா குலவையே போட்டுவிட்டாளாம். ஆனால் சோலைமலை அண்ணன் விசிலை விடவில்லை. "ஒரு சீட்டு குறையுது. வண்டி எடுக்க முடியாது" என்று அடம். எல்லோரும் வந்தாச்சு என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். "வரல. எண்ணிப் பாரு மாப்ள" என்று இளவட்டங்களை விரட்டியிருக்கிறார். குறைந்த சீட்டு நான். என்னைக் கணக்கில் சேர்க்க நானே மறந்திருந்தேன்.

ஆளுக்கு ஒரு பைதான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், முழங்கால் தண்ணீரில் ஒரு தோளில் பையும் நெஞ்சோடு அணைத்த மீனாட்சி படமுமாக முக்குத் திரும்பினேன். கயிறோடு எதிரே வந்த பிள்ளைகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தூக்கி வர வேண்டியிருக்குமே என்று யாருக்காக நான் அம்புட்டு நாள் சாமி கும்பிட்டேனோ, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறும்மா. லக்கேஜுக்குத் தனி டிக்கெட்!"

வெள்ளத்தன்று பிந்தி வந்து திட்டு வாங்க நம்மைத் தவிர வேறு ஆள் மிச்சமில்லை என்றால், இந்த வேலையில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.