தேக்குப் பலகையா, டைல்ஸா

அப்பா விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாடி ஹாலில் ஜன்னலோரம் பலகையின் விளிம்பு பெயர்ந்து நின்றிருந்தது. அதிலிருந்த மரச் சிலாம்பு உள்ளங்காலில் ஏற, காலை உதறப்போய்ச் சரிந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. அரை விரல் நீளச் சிலாம்பை இடுக்கியால் எடுத்துக் காட்டிய டாக்டர், "மொதல்ல தரையைக் கவனிங்கம்மா" என்றார்.

எங்கள் மாடி முழுக்கத் தேக்குப் பலகைத் தளம். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா அதை 'பார்க்கே' என்றுதான் சொல்வார். கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மேலே அப்பாவும் நானும். அம்மா போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. தம்பி பிரான்சில் குடும்பத்தோடு இருந்தான். எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை.

அந்தப் பலகைகள் மிதித்த இடமெல்லாம் முனகும். அப்பா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அலமாரியை நெருங்கினாலே குரல் வரும்: "எங்க கெளம்பற?"

"எங்கயும் இல்லப்பா. துணி மடிச்சு வைக்கறேன்."

இது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மூச்சு முட்டியது.

அவர் விழுவதற்கு நாலு நாள் முன்னால் எனக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு, காரைக்காலில். தினமும் போய்வர முடியாத தூரம். இரண்டு வாரத்துக்குள் பதில் தரவேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை. கடிதம் கைப்பையிலேயே கிடந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு தச்சரை வரவழைத்தேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குந்தி உட்கார்ந்து, பலகைகளின் இடுக்கில் சின்ன உளியை விட்டு ஆழம் பார்த்தார்.

"ரெண்டு தடவ இழைச்சிருக்காங்க டீச்சர். இன்னும் ஒரு தடவ தாங்கும். மேல இழைச்சு, வார்னிஷ் அடிச்சுத் தரேன். பத்து நாள் வேலை."

"டைல்ஸ் போடறதுன்னா?"

"பலகைய எடுக்கணும், உத்திரத்த எடுக்கணும், காங்கிரீட் போடணும். மூணு மாசத்துக்கு மாடியிலயும் கீழயும் ஆள் இருக்க முடியாது."

மூணு மாசம் என்று அவர் சொன்னதும் கைப்பையிலிருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. வீட்டைக் காலி செய்துதான் ஆகவேண்டும் என்றால் அப்பாவும் என்னோடு வந்துதானே ஆகவேண்டும்? காரைக்காலில் ஒரு வீடு பிடித்து, அவரையும் கூட்டிப் போய், அங்கே பழக்கிவிட்டால்? பாய் போன பிறகும் வெகுநேரம் அதே இடத்தில் நின்றேன்.

அன்று சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நீதான அங்க இருக்கப் போற. ஒனக்கு எது வசதியோ அதப் பண்ணு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். காரைக்கால் விஷயத்தை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

மறுநாள் அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தரைய மாத்திடலாமாப்பா? டைல்ஸ் போட்டா கால்ல எதுவும் குத்தாது."

"பார்க்கேவையா? எதுக்கு?"

"மூணு மாசம் வெளிய இருக்கணும். எனக்குக் காரைக்கால்ல ப்ரமோஷன் வந்திருக்கு. ரெண்டு பேரும் அங்க போய் இருந்துட்டு வரலாம்."

தம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"ப்ரமோஷனா? பிராவோ! போவோம். காரைக்கால் நல்ல ஊரு. சாயங்காலம் திரும்பி வந்துடலாமில்ல?"

"இல்லப்பா. அங்கயே தங்கணும்."

"சரி, சரி. ராத்திரி என் கட்டிலுக்கு வந்துட்டாப் போதும்."

மறுபடியும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். மத்தியானம் பார்த்தால், சட்டை மாற்றிக்கொண்டு, குடையை மடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே அவருக்கு ஞாபகம் தப்புவதை நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அன்றைக்கு அது முடியவில்லை. இந்த வீட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டுக் குளியலறைக்குப் போய்விடுகிறவர், வேறொரு வீட்டில் எங்கே போவார்?

அடுத்த நாள் பள்ளிக்கூட இடைவேளையில், பதவி உயர்வு வேண்டாம் என்று குடும்பச் சூழ்நிலையைக் காரணம் காட்டி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரைப் பக்கம் கூட வரவில்லை. பிறகு பாய்க்குப் போன் பண்ணி, "இழைச்சுடுங்க" என்றேன்.

அந்தப் பத்து நாளும் பின்னறையில் அப்பாவின் கட்டிலையும் என் படுக்கையையும் ஒட்டிப் போட்டுப் படுத்தோம். மெஷின் சத்தமும் மரத்தூளுமாக இருந்தது. தூள் வராமலிருக்கக் கதவிடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தேன். காற்றே இல்லை. அப்பா குழந்தை மாதிரி நிம்மதியாகத் தூங்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வேலை முடிந்ததும் தளம் தேன் நிறத்தில் பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது. அப்பா வெறுங்காலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். போட்டோ எடுத்து ஈமெயிலில் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சூப்பர்க்கா! இனி இருபது வருஷத்துக்குக் கவலயில்ல, இல்ல?"

எனக்கு அப்போது எத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே, "ஆமா, கவலயில்ல" என்றேன்.