பிரிக்காத மெத்தை

என் தங்கையின் கணவரை அவர் வேலை பார்க்கும் கடையில் 'ரிட்டர்ன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை. முன்வாசலில் பலூன், பாட்டு, சிரித்த முகத்தோடு வரவேற்பு. பின்வாசலில் இவர். வாங்கின சாமான் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இவருடைய மேசையைத் தாண்டியாக வேண்டும். அது அவ்வளவு சுலபமில்லை.

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். தலையணையை முகர்ந்துவிட்டு, "வீட்ல பூனை இருக்கா?" என்று கேட்பார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சோபா வாங்கிப் போட்டு ஜம்பம் அடித்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் 'கலர் சரியில்லை' என்று தூக்கிக்கொண்டு வரும் கில்லாடிகளைப் பார்த்துப் பார்த்து, மனித ஜாதி மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. உறை பிரித்தாகிவிட்டதா, டேக் இருக்கிறதா, அட்டைப்பெட்டி எங்கே? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லையென்றால் சாட்சாத் கடவுளே வந்து நின்றாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான் ஒரு மேசை விளக்கோடு போய் நின்றேன். கழுத்து நிற்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்பு போட்டு எரிச்சிருக்கீங்கக்கா. எடுக்க முடியாது" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பெண்டாட்டியின் அக்கா என்பதற்காகவாவது ஒரு சிரிப்பு? ம்ஹூம். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகாது. அந்த விளக்கு இன்றும் என் தையல் மெஷின் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

என் தங்கை இப்போது இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவள் திரும்பிப் போனபோது, குழந்தைக்கென்று ஆசை ஆசையாக ஜோடித்து வைத்திருந்த அறையில் ஒரு சாமான்கூட இல்லை. சுவரில் கட்டில் உரசின கோடு மட்டும் இருந்தது. எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. சூட்டோடு சூடாகக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருப்பார், கல்நெஞ்சக்காரர் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

இந்த முறை அறை வேலை முழுவதையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். பெயின்ட் வாடை போகும்வரை தங்கையை அந்தப் பக்கமே விடவில்லை. அலமாரியின் கூர்முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினார். கட்டில் வரப்போகும் இடத்தில் தரையில் மல்லாந்து படுத்து, விளக்கு கண்ணில் குத்துகிறதா என்று பார்த்தார். குத்தியிருக்கும் போல, விளக்கை வேறு மூலைக்கு மாற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இடித்தது. இந்த மனுஷன் ஒரு காரியத்தை ஆசைக்காகச் செய்து நான் பார்த்ததே கிடையாது.

ஒரு நாள் மஞ்சள் பூப் போட்ட துணியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஜன்னலுக்குத் திரை தச்சுக் குடுங்கக்கா."

"அளவு சொல்லுங்க மாப்ள, வெட்டிடறேன்."

"வெட்டாம தைக்க முடியுமா?"

"என்னது?"

"நீளமா இருந்தா உள்பக்கம் மடிச்சுக்கலாம். மெஷின் வேணாம். கையால லேசா ஓட்டுத் தையல் போதும். இழுத்தா வந்துடணும்."

தைத்தது பிரிந்து வரவில்லை என்றுதான் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பிரிந்து வரவேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அந்த நிமிஷமே எனக்குள் பொறி தட்டிவிட்டது.

திரையைக் கொண்டுபோய் மாட்டும் சாக்கில் அந்த அறையை ஒரு அலசு அலசினேன். குட்டி மெத்தை மேல் பாலிதீன் உறை அப்படியே இருந்தது. விளக்கின் கழுத்தில் டேக். நாற்காலிக் காலில் டேக். பொம்மைக் கரடியின் காதில்கூட டேக். கதவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் ஒரு கிழிசல் இல்லாமல் மடித்து, சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

ஓஹோ, சங்கதி இதுதானா என்று நினைத்தேன். அந்த சோபாக் கில்லாடிகளிடமே பாடம் படித்திருக்கிறார். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துவிட்டுப் போகும்வரை அறை இருக்கும். அப்புறம் எல்லாம் பெட்டிக்குள். என் தங்கையின் பிள்ளை இரவல் மெத்தையில் படுக்கவேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறையில் தங்கையைப் பிடித்தேன். "உன் புருஷன் என்ன திட்டம் போடறார்னு தெரியுமாடி?"

அவள் கையில் இருந்த தட்டில் சாப்பாடு அப்படியே ஆறிப்போயிருந்தது.

"தெரியும்கா. நானும் பாத்துட்டுதான் இருக்கேன்."

"பின்ன ஏன் சும்மா இருக்க? சோபா வாங்கி ரிட்டர்ன் பண்றவங்க மாதிரி..."

"அது இல்ல." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "இந்தக் குழந்தை வரும்னு அவருக்கு நம்பிக்கை இல்ல. வராதுன்னு நினைச்சுதான் ஒண்ணையும் பிரிக்க மாட்டேங்கறார். நான் அந்த ரூமுக்குப் போறதையே விட்டுட்டேன். அந்த மெத்தையில கை வெச்சா சலசலங்குது. அவரே நம்பலைன்னா நான் மட்டும் எதை நம்பறது?"

ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடாமல், தூங்காமல், வயிற்றில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவள் இளைத்துக்கொண்டே வந்ததன் காரணம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. "என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. அந்தக் கதவைப் பாத்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது" என்றாள்.

கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த மெத்தையை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். உறையின் மூலையைப் பிடித்து இழுத்து, கத்தரியை வைத்தேன்.

"பிரிக்காதீங்க!"

அந்த மனுஷர் கத்தி நான் கேட்டதே இல்லை. வேலையிலிருந்து வந்தவர், தோள்பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால் தங்கை வந்து நின்றாள்.

"ஏன் பிரிக்கக் கூடாது? திருப்பிக் குடுக்கணுமா?" என்றேன்.

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மெத்தையைப் பார்த்தே பேசினார்.

"போன தடவை இவ உங்க வீட்ல இருந்தப்ப எல்லாத்தையும் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். மேசைல என்னைத் தவிர யாரும் இல்ல. நானே கவுத்துப் போட்டுப் பாத்தேன். உறை இல்ல, டேக் இல்ல, பெட்டி இல்ல. எடுக்க முடியாதுன்னு நானே சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"திரும்ப வீட்டுக்கும் கொண்டுவர முடியல. இவ வந்து பாத்தா தாங்க மாட்டா. வண்டியில வெச்சுக்கிட்டு தெருத்தெருவா போய், வேணுங்கறவங்களுக்கு ஒண்ணொண்ணா குடுத்தேன். எல்லா வீட்லயும் ஒரே கேள்விதான். ஏன் குடுக்கறீங்க, குழந்தை வளந்துடுச்சான்னு. ஆமான்னு சொன்னேன். எல்லா வீட்லயும் ஆமான்னு சொன்னேன்."

பை அவர் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை அப்படிச் சொல்ல என்னால ஆகாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா, ஒரே நடையில கடைக்குப் போயிடணும். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான். நம்பாம இல்ல. பயம்."

தங்கை அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். என் கையிலிருந்த கத்தரியை வாங்கவில்லை. மெத்தையின் உறையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். அப்புறம் கரடியின் காதிலிருந்த டேக்கைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"ஏங்க, அப்படி ஏதாவது ஆச்சுன்னா நானும் கூட வண்டியில வரேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன். இனிமே நீங்க தனியா போக வேணாம்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

"இப்ப இதைக் கடையில எடுத்துப்பாங்களா?" என்று தங்கை கேட்டாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் புத்தி போகாமல், மெத்தையை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"மாட்டாங்க" என்றார்.

அன்றைக்கே திரையைக் கழற்றிக்கொண்டு போய் அளவாக வெட்டி, மெஷினில் இரட்டைத் தையல் போட்டேன். இனி அதை யார் இழுத்தாலும் வராது.

பெண் குழந்தை பிறந்தது. என் தங்கையின் மூக்கு, அவருடைய முறைப்பு. இதற்காக நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், விளக்கு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் மணிக்கட்டில் எண் எழுதின ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்டவில்லை, கார்கூட வரவில்லை. அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அக்கா, உங்க கத்தரியைக் குடுங்க."

"வீட்டுக்குப் போய் வெட்டிக்கலாமே மாப்ள?"

"வேணாம்கா. இங்கயே வெட்டிடலாம்."

குடுத்தேன்.