சிங்க் அடியில் பச்சைக் கதவு

நான் ஒருவரைத் திருடன் என்று நினைத்த கதை இது.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் சமையலறைக்குப் புது கேபினெட் போட்டோம். கையில் இருந்ததற்குத் தகுந்தபடி, மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான போர்டுதான். தச்சர் அஸ்லம் பாய் முதல் நாளே, "சிங்க் அடியில மட்டும் நல்ல மரம் போடலாம் மேடம்" என்றார். செலவை இழுத்துவிடப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "சொன்னதை மட்டும் செய்யுங்க பாய்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

கடைசி நாள் பால்கனிக்குப் போனால், பழைய அலமாரியிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு மரக்கதவுகளைக் காணோம்.

"அதை எங்கே கொண்டுபோய் வித்தீங்க?" என்று இந்தியில் கத்தினேன்.

அவர் குனிந்து, சிங்க் அடியிலிருந்த கேபினெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே அடிப்பலகையும் பக்கப் பலகைகளும் எங்கள் பழைய கதவின் பச்சை பெயின்ட்டோடு இருந்தன.

"மதராசி வீடுகள்ல வேலை செஞ்சிருக்கேன். வெள்ளிக்கிழமையானா சமையலறையையே தண்ணி ஊத்திக் கழுவுவீங்க. அந்த போர்டு ஊறி உப்பிடும். இதுக்குத் தனிக் கூலி வேண்டாம்" என்றார்.

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கழுவி முடித்ததும் அந்த கேபினெட்டைத் திறந்து பார்ப்பேன். பலகை உப்பவில்லை. இருபது வருஷமாக டெல்லியில் இருக்கிறேன். அதட்டும்போது தடுமாறாமல் வந்த இந்தி, மன்னிப்புக் கேட்க மட்டும் அன்று வரவில்லை.