எச்சரிக்கைத் தாள் இல்லாத கன்டெய்னர்

போன மழைக்காலத்தில் நடந்தது இது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஷிப்ட் மாறும்போது எல்லோரும் கூடி, வேலையில் நடந்த தவறுகளைப் பேச வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் இது என்ன ரோதனை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள், அடுத்த ஷிப்டில் என் வேலையைப் பார்ப்பவர் பேசினார். பூச்சி பிடிக்காமல் இருக்க விஷவாயு செலுத்திய கன்டெய்னர்களின் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருப்பார்கள். ஒரு கன்டெய்னரில் அது மழையில் உரிந்து விழுந்திருக்கிறது. இவர் கவனிக்காமல் கதவைத் திறந்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். "கோந்து தடம் இருந்துச்சி, நான்தான் பாக்கல. காலைல துன்னாம வந்தேன், அதான்னு நெனச்சிகினேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரமே பருப்பு மூட்டை ஏற்றிய கன்டெய்னர் ஒன்று வந்தது. இரண்டு லோடுமேன்கள் கதவில் கை வைத்துவிட்டார்கள். "இன்னாக்கா, தொறந்துடவா?" என்றார் ஒருவர். தாள் எதுவும் இல்லை. ஆனால் கதவில் சதுரமாக ஒரு கோந்து தடம். "கைய எடுண்ணா, அப்பால வா!" என்று கத்தினேன். வாயுவை அளக்கும் ஆள் வந்து கதவிடுக்கில் கருவியை வைத்ததும், அது விடாமல் அலறியது. உள்ளே போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

திறக்கவா என்று கேட்ட லோடுமேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன வாரம்தானே மீட்டிங்ல சொன்னாங்க?" என்று நான் சிடுசிடுத்தேன்.

"நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்கக்கா. அந்த மீட்டிங்குக்கு எங்கள எங்க கூப்புட்றாங்கோ?"

தினமும் கதவைத் திறப்பதே அவர்கள்தான். அவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை.

மேலாளரிடம் மல்லுக்கட்டி, மறுநாளே அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். அந்த அண்ணன் தயங்கித் தயங்கிப் பேசினார். "இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தபா தல சுத்தி வாந்தி எட்த்துகீறோம் சார். வெயிலுன்னு நெனச்சிகினு, மோரு குட்ச்சிட்டு மறுபடியும் உள்ள போய்ட்டோம்."

அன்று யாரும் சிரிக்கவில்லை. இப்போது கூட்டத்தில் முதலில் பேசுவது லோடுமேன்கள்தான். ஆனாலும் அவர்கள் மோர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போன அந்த நாட்களில், அதே யார்டில் நாலடி தள்ளி நானும் நின்றிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.