புளி போட்டுத் தேய்த்த பிட்காயின்

பிட்காயினைப் புளி போட்டுத் தேய்த்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்... ரெண்டு பேரும் சேர்ந்து சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, என் படிப்பு ஆறாங்கிளாஸ். கடலூர் முதுநகரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. மிக்ஸிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பிட்காயினுக்குள் என்ன இருக்கிறது? இப்போது அதையும் சொல்வேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு இருக்கிறதே...

காயின் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரி செல்வியின் தம்பி குமரேசனுடையது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் திணித்தான். உள்ளே தங்கக் கலரில், வடை சைஸில் ஒரு காசு. நடுவில் கோடு போட்ட இங்கிலீஷ் 'பி' எழுத்து.

"மாமா, இது பிட்காயினு. எங்க சூப்பர்வைசரு வேலைய விட்டுப் போவசொல்ல எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. பின்னாடி பளபளன்னு ஸ்டிக்கரு இருக்குது பாருங்க... அதுக்கு அடியில ரகசிய நம்பரு. ஸ்டிக்கரு கிழிஞ்சா காசு சேக்குறவங்க தொட மாட்டாங்க. கிழியாம இருந்தா வருஷத்துக்கு வருஷம் ஏறும். உங்க கடை பீரோவுல வெச்சிருங்க."

"என்னய நம்பியாடா குடுக்குற?"

"உங்களுக்குத்தான் மாமா இத வெச்சி என்னா பண்றதுன்னே தெரியாது. அதான் சேப்டி."

இப்படி ஒரு மரியாதை எனக்கு வேறு எந்த மச்சான் கொடுப்பான்?

அவன் திட்டம் ரொம்ப சிம்பிள். காயினை விற்பது, கடலூரிலேயே பெரிதாக ஒரு வெல்டிங் பட்டறை போடுவது, சிங்கப்பூருக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒவ்வொரு லீவு முடியும்போதும் போனில் ரேட்டைப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும் மாமா" என்பான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இதற்கு நடுவில் அவனுக்கு மகள் யாழினி பிறந்தாள். அவளுக்கு அஞ்சு வயசு ஆகப் போகிறது. அப்பாவை ரொம்ப நாள் போன் சைஸிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரிலிருந்து ஸ்டூல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம் உண்டு. மணி, விளக்கு, தாம்பாளம் எல்லாம் பக்கெட்டில் புளித்தண்ணியில் ஊறிக்கொண்டிருந்தது. பீரோவைத் துடைக்கும்போது காயின் கண்ணில் பட்டது. ஆறு வருஷத்தில் மங்கிப் போயிருந்தது. பாவம், லட்சுமி! எல்லாருக்கும் குளியல், அதற்கு மட்டும் இல்லையா?

போட்டேன் பக்கெட்டில்.

மச்சான் கிழிக்காதீங்க என்றுதானே சொன்னான்? ஊற வைக்காதீங்க என்று சொன்னானா?

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விளக்கு ஜொலிக்கிறது, மணி ஜொலிக்கிறது... ஸ்டிக்கர் தனியாக மிதக்கிறது. பதட்டத்தில் காயினைப் பிடித்து நாலு தேய் தேய்த்தேன். தங்கக் கலரும் பாதி போய் உள்ளே வெள்ளையாகப் பல்லை இளித்தது.

சூப்பர் க்ளூ போட்டு ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினேன். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. காயினில் இல்லை, என் கட்டை விரலில். செல்வி வந்து விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினி வருஷம் கழிச்சி இப்பத்தாங்க நீங்க ஒரிஜினல்னு தெரியுது" என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "என் தம்பி ஊரோட வந்து இருக்கறதே அத நம்பித்தான..." என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே மச்சான் போன். "மாமா, தீவாளிக்கு வரேன். காயின் பத்திரம்தான?"

"குளிச்சி கிளிச்சி ஜோரா இருக்குதுடா" என்றேன். பொய் இல்லையே!

ஸ்டிக்கர் எப்படியாவது ஒட்டிக்கொண்டால் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் இருக்கிற முடிக்கு அது பெருமாளை ஏமாற்றும் வேலை என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஒட்டவில்லை. விரலிலிருந்து உரித்தெடுத்ததில் ரெண்டாகக் கிழிந்ததுதான் மிச்சம்.

சிதம்பரம் மேலவீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த சலீம் பாய் இருக்கிறார். வாட்ச் ரிப்பேர் கடை. பழைய காசு, ஸ்டாம்பு சேர்ப்பதில் பைத்தியம். காயினையும் கிழிந்த ஸ்டிக்கரையும் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். மோந்து வேறு பார்த்தார்.

"என்னாப்பா, புளி வாசன வருது?"

சொன்னேன். லென்ஸ் கண்ணிலிருந்து கழன்று விழுகிற மாதிரி சிரித்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

"முன்ன வெளிநாட்டுல சில பேரு நெசமாவே இந்த மாதிரி காசு அடிச்சாங்க. காசுல நம்பர வெச்சி ஸ்டிக்கர் போட்டு மூடிருவாங்க. கம்ப்யூட்டர்ல பூட்டி வெச்ச பிட்காயினுக்கு அந்த நம்பருதான் சாவி. நீ ஸ்டிக்கர கிழிச்சி சாவிய எடுத்துக்கலாம். ஆனா அப்பறம் அது சும்மா காசு. கிழியாத காசுக்கு சேக்குறவன் உள்ள இருக்கறதுக்கு மேலயே ஜாஸ்தி குடுப்பான்."

"அப்ப உள்ள இருக்கிற நம்பரு சரிதானான்னு எப்டி பாய் தெரியும்?"

"கிழிச்சாத்தான் தெரியும்."

"கிழிச்சாத்தான் மதிப்பு போயிருமே?"

"அதான் விஷயம். தெறக்காம நம்பணும்." பாய் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "திரைக்குப் பின்னாடி என்னான்னு சிதம்பரத்துல வந்து கேக்குற பாரு... சரியான ஊருக்குத்தாம்பா வந்திருக்க."

"சரி பாய், என் மச்சானோட நம்பரு எங்க? அழிஞ்சி போச்சா?"

பாய் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே அதே காயின். அதே பி, அதே ஸ்டிக்கர். ஒன்றில்லை, பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"நம்பரு இருந்தாத்தான அழியறதுக்கு? இது கொலுவுல வெக்கிற பொம்ம மாதிரிப்பா. ஆன்லைன்ல விக்கிறான். காலேஜ் பசங்க எங்கிட்ட நூத்தம்பதுக்கு வாங்கிட்டுப் போறானுங்க. உனக்கு வேணுன்னா நூறு."

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம்! அப்பாடா, நான் ஒன்றையும் கெடுக்கவில்லை. என் மனசு எவ்வளவு சின்னது பாருங்கள். மச்சானின் பட்டறை காற்றில் போய்விட்டது... நான் தப்பித்தேன் என்று உள்ளுக்குள் விசிலடிக்கிறேன்.

அடுத்ததாக ஒரு திருட்டு யோசனை வந்தது. நூறு ரூபாய் கொடுத்து, ஸ்டிக்கர் கிழியாத புதுக் காயின் ஒன்றை வாங்கிக்கொண்டேன். டப்பாவில் இதை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மச்சானும் சந்தோஷமாக இருப்பான், நானும் நல்ல மாமா.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் நல்ல மாமாவாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் பிரிக்காத மிக்ஸிகள் ஞாபகம் வந்தது.

எங்கள் கடைக்கு மாசத்துக்கு ஒன்றாவது வரும். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி. நல்ல நாளில் பிரிக்கலாம், வீடு கட்டிப் பிரிக்கலாம் என்று பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். பத்து வருஷம் கழித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "ஒரு தபா கூட போடலீங்க, புச்சு... ஆனா ஓட மாட்டுது!" ஓடாது. உள்ளே ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். தினமும் சட்னி அரைத்த மிக்ஸியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அலுங்காமல் வைத்ததுதான் செத்திருக்கும்.

ரெண்டு காயினையும் ரெண்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் முழுசு. வலது பக்கம் புளி.

தீபாவளிக்கு மச்சான் வந்தான். கறிக்குழம்பு, இட்லி. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். யாழினி மட்டும் செல்வியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாள். அப்பா மடிக்கு வா என்று அவள் அம்மா கூப்பிட்டதற்கு இன்னும் உள்ளே போனாள்.

மச்சான் இட்லியைப் பிட்டுக்கொண்டே போனில் ரேட் பார்த்தான். எனக்கு அந்த முகம் தெரியும்.

"மாமா, இன்னும் ஏறும்ங்கிறாங்க. இப்ப வித்தா முட்டாத்தனம். இன்னும் ஒரே ரெண்டு வருஷம்... போயிட்டு வந்துர்றேன்."

மச்சான் சம்சாரம் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். யாழினி செல்வியின் காதில் ரகசியம் சொன்னாள். குழந்தை ரகசியம், தெருவுக்கே கேட்டது.

"அத்த... இந்த அங்கிளு எப்ப ஊருக்குப் போவாரு?"

மச்சான் கையில் எடுத்த இட்லி கையிலேயே இருந்தது.

வலது பாக்கெட்டில் கை விட்டேன். புளி தேய்த்த காயினை எடுத்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மச்சான், விக்கறதுக்கு ஒண்ணும் இல்லடா. நாந்தான் ஆயுத பூஜைக்குப் புளித்தண்ணில போட்டுட்டேன். எல்லாம் போச்சி. அடிக்கிறதுன்னா சாப்ட்டுட்டு அடி, கொழம்பு ஆறிடும்."

அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. காயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினான். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் பொசுங்கிவிடும்.

மறுநாள் காலையில் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். மத்தியானம் ஒரு அம்மா கிரைண்டர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் உடைந்திருந்தது. வழக்கம்போல, "வெல்டிங் நம்ம கிட்ட இல்லம்மா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போங்க" என்றேன்.

"இத வெச்சிட்டுப் போங்கக்கா" என்றான் மச்சான்.

பக்கத்துத் தெருவில் வெல்டிங் மிஷினை இரவல் வாங்கி வந்து பத்து நிமிஷத்தில் பற்ற வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் ஒரு கேட்டு, ரெண்டு சைக்கிள் கேரியர், ஒரு கட்டில். எங்கிருந்துதான் வந்தார்களோ!

"தெனமும் இப்டித்தான் திருப்பி அனுப்புவீங்களா மாமா?"

"பின்ன? எனக்கு வெல்டிங்கும் தெரியாது, பிட்காயினும் தெரியாது."

கடையின் இடது பக்கம் நான் குப்பை போட்டு வைத்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பெரிய பட்டறைக்குத்தான் மாமா காயினு வேணும். இந்த எடத்துக்கு ஒரு மிஷினு போதும்ல?"

ஒரு மாசம் ஆகிறது. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டான். யாழினி ஸ்கூல் விட்டதும் கடைக்கு வருகிறாள். இப்போது 'அங்கிள்' இல்லை... 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்து, கூப்பிட்ட கையோடு அஞ்சு ரூபாயும் கேட்கிறாள்.

போன வாரம் அவன் மேஜை ஒரு பக்கம் ஆடியது. பாக்கெட்டிலிருந்து அந்தக் காயினை எடுத்துக் காலுக்கு அடியில் வைத்தான். கனகச்சிதம்! ஆட்டம் நின்றது. குனிந்த வாக்கிலேயே கேட்டான்.

"மாமா... ஸ்டிக்கரு போனாலும் அடியில நம்பரு இருக்கணும்ல?"

பக்கத்திலிருந்த மிக்ஸி ஜாரைக் கையில் எடுத்தேன். "அது... புளியில அழிஞ்சிருக்கும்டா."

நிமிர்ந்து என்னையே பார்த்தான். நானும் கையிலிருந்த மிக்ஸி ஜாரில் ஏதோ புதையல் இருக்கிற மாதிரி உற்றுப் பார்த்தேன்.

"ம்... நல்ல புளிதான் மாமா" என்று சொல்லிவிட்டு வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டான். உள்ளே சிரித்தானா என்று தெரியவில்லை. முகமூடியின் வசதியே அதுதானே?

இதை எழுதினால் மச்சானுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அவன் என் பத்தியைப் படிப்பதில்லை. இதையெல்லாம் தினமும் ஓசியிலேயே கேட்கிறானாம்.

இடது பாக்கெட் காயின் என்ன ஆச்சு? பத்திரமாக இருக்கிறது, ஸ்டிக்கர் கிழியாமல். நேற்று ஒரு காலேஜ் பையன் இருநூறுக்குக் கேட்டான். கொடுக்கவில்லை...

இன்னும் கொஞ்சம் ஏறட்டும்!