பிடியா, ஆயுளா: மருதனார்மடத்தில் நான்கு டயர் வாங்கிய கதை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில் போனோம். கணவரின் அக்கா தெல்லிப்பழையில் இருக்கிறார். புது வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தார். வரச்சொல்லி நான்கு முறை அழைத்துவிட்டார். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. டர்போ எஞ்சின், பதினேழு அங்குலச் சில்லு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. அதில் நீண்ட தூரம் ஓடுவதுதான் எனக்குப் பயணம்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு அந்தக் காருக்கு மென்மையான ரப்பர் டயர் நான்கு போட்டிருந்தேன். டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை. வீதியை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். என்னுடையதில் 200. முப்பதாயிரம் கிலோமீற்றர் ஓடும் என்று கொழும்புக் கடைக்காரர் சொன்னார். நம்பவில்லை. அந்த எண்ணைப் போடுவதே டயர் செய்யும் கம்பனிதான், தன் பிள்ளைக்குத் தானே புள்ளி போடுவதுபோல. ஆனாலும் வாங்கினேன்.

அதிகாலை 4.15க்கு வெள்ளவத்தையில் புறப்பட்டு 9.40க்கு வவுனியா. வழியில் மழையில்லை. ஆனையிறவு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் சில மாதங்களாகவே கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. தார் வீதியின் சரிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாவகச்சேரிக்கு மூன்று கிலோமீற்றர் இருக்கையில், முன்னால் போன பஸ் சைகை இல்லாமல் ஆள் ஏற்ற நின்றது. பிரேக்கை மிதித்தேன். அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தேன், நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்பக்கம் வழுக்கி இடது கரைக்குப் போனது. அங்கே ஒருவர் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தபோது கார் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. காரின் முன் சில்லைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு நானும் குனிந்தேன். முன் இடது டயரின் வெளிப்பக்கம் நன்றாக இருந்தது. உள்விளிம்பில் ரப்பரே இல்லை, கம்பி தெரிந்தது. வாங்கிப் பதினாலாயிரம் கிலோமீற்றர்கூட முழுதாக ஓடவில்லை.

உடனே தேநீர்க் கடையில் உட்கார்ந்து இந்தத் தளத்தில் ஒரு பதிவு போட்டேன். கொழும்புக் கடையின் பெயரைப் போட்டு, பழைய சரக்கை ஏமாற்றி விற்கிறார்கள் என்று எழுதினேன். கணவர் ரூபன் பக்கத்தில் இருந்தார். பெயரைப் போடத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். யார் பக்கம் நீங்கள் என்று கேட்டேன். தேநீர்க் காசு கொடுக்கப் போய்விட்டார்.

உபரிச் சில்லு மெல்லியது. அதைப் போட்டு ஐம்பதுக்கு மேல் போகாமல் கைதடி, கோப்பாய், உரும்பிராய் வழியாக மருதனார்மடம் வந்தோம். ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். சந்திக்குக் கிட்ட ஒரு டயர்க் கடை இருப்பதாக அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார். கடை உரிமையாளர் தவம் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அக்கா சொல்லி வந்ததாகச் சொன்னவுடன் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கழற்றிய டயரைக் கையால் தடவிவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இது ரயரின்ரை பிழை இல்லைத் தங்கச்சி. உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. சில்லு நேரா நிக்கேல்லை. எங்கையோ பலமா அடிச்சிருக்கிறியள்."

நான் எங்கும் அடிக்கவில்லை என்றேன். வீல் அலைன்மென்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பின் டயர்களில் அளவுகோலை வைத்துக் காட்டினார். வெட்டின் ஆழம் நாலரை மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் சமம்; புதிதில் எட்டு. அவரை நம்பாமல் அளவுகோலை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். நாலரைதான்.

கடையின் உள்ளே என் அளவில் 200 எண் டயர் நான்கு அடுக்கியிருந்ததைக் கண்டேன். அதையே கேட்டேன். பிடி எனக்கு முக்கியம். சைக்கிள்காரர் கண்ணுக்குள்ளேயே நின்றார்.

"உந்த ரயரை நான் தரமாட்டன்" என்றார். "ஆறு வருசப் பழசு. உதுகளைக் கேட்டு ஒருத்தரும் இஞ்சை வாறேல்லை."

பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தை அவரே காட்டினார். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. உண்மைதான். பிறகு 340 எண் டயர் ஒன்றை உருட்டி வந்தார், ஒன்று 52,000 ரூபாய். இரண்டு போதுமா என்றேன். முன்னுக்குப் புதியதும் பின்னுக்குத் தேய்ந்ததுமாகப் போட்டால் மழைக்குப் பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகும், நான்கும் ஒன்றாக இருக்கட்டும் என்றார். இரண்டு கேட்டவளுக்கு நான்கு விற்கிறாரே என்று வெளியே போய்த் தொலைபேசியில் தேடினேன். அவர் சொன்னதையே எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

உள்ளே திரும்பியபோது கழற்றிய சில்லைத் திருப்பி வைத்திருந்தார். உட்பக்க விளிம்பு நெளிந்திருந்தது. நெளிவுக்குள் மண்ணும் பிரேக் தூளும் சேர்ந்து கறுத்து இறுகியிருந்தன.

"இது இண்டைக்கு நேற்று அடிச்சதில்லை" என்றார். "மாசக்கணக்கு."

நான் மறுபடி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரூபன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர்களை எண்ணுகிறவர்போல அத்தனை கவனமாகப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த முதுகு போதும்.

"மாங்குளத்துக்குக் கிட்ட" என்றார் திரும்பாமலே. "வைகாசியில இஞ்சை வரேக்கை. நான்தான் ஓட்டினன், நீர் நித்திரை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் பிறகு கார்த் திறப்பைத் தரமாட்டீர் எண்டு நினைச்சன்."

தவம் அண்ணை திடீரென்று காற்றடிக்கும் குழாயைச் சுருட்டப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. நான் தந்திருக்கமாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

கடை வாசலில் நின்று பதிவை அழித்தேன். கொழும்புக் கடைக்காரருக்கு அழைத்துப் பிழை என்னுடையது என்றேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்; அதைப் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் வரவில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் பின் டயரைக் கணக்குப் பார்த்தது. எஞ்சின் முன்சில்லைச் சுழற்றும் காரில் பின் டயர் மெதுவாகத்தான் தேயும். முன் டயர் நேராகவே ஓடியிருந்தாலும் முப்பதாயிரம் வராது, இருபதாயிரம் வந்தாலே பெரிது. அவர் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஏமாற்றவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் மதிக்கவில்லை. அதனால் அவர் பெயரைப் போட்டு, நான் எழுதியது பொய் என்று இங்கே தனியாக ஒரு பதிவு எழுதியிருக்கிறேன்.

அலைன்மென்ட் 4,500 ரூபாய், நெளிவு எடுக்க 6,000. நல்ல நிலையிலிருந்த இரண்டு பழைய டயரையும் வைத்துவிட்டுப் போகலாம் என்றார் தவம் அண்ணை. அதிலும் சந்தேகப்பட்டுப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அவை அக்காவின் புது வீட்டில் விறகுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அவருக்கு அதில் சந்தோஷமில்லை.

மூன்று நாள் கீரிமலை, பருத்தித்துறை என்று 190 கிலோமீற்றர் ஓடினோம். புது டயர் வளைவில் பழையதுபோல ஒட்டவில்லை, சத்தமும் கொஞ்சம் கூட. ஆனால் குடாநாட்டில் வளைவுகளைவிட வெள்ளம் நின்ற தார் வீதியும் கரையோர மணலும்தான் அதிகம். அதற்கு ஆழமான வெட்டுள்ள நடுத்தர டயர் போதும். மாதம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவர்கள் 300க்குக் கீழே போகாதீர்கள். வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அன்றைக்கே காட்டுங்கள். டயரின் உள்விளிம்பை மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்புக்குப் புறப்பட்டோம். பரந்தனிலிருந்து ரூபனை ஓட்டச் சொன்னேன். எழுபதுக்கு மேல் போகவில்லை. கிளிநொச்சி தாண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இடது சில்லு இறங்கி ஏறியது.

"அடிச்சிட்டன்" என்றார் உடனே.

"ஓம், கேட்டது" என்றேன். ஓரமாக நிறுத்தி இருவரும் இறங்கிக் குனிந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அவரே தொடர்ந்து ஓட்டினார்.