மொட்டைமாடியில் ஒரு கன்னடப் படம்

கன்னட சினிமாவில் கதையை எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வாயால் சொல்ல வேண்டும். கதாநாயகன் சோபாவில் சாய்ந்திருப்பார். இயக்குநர் எதிரே உட்கார்ந்து, அழுகிற இடத்தில் அழுது, சண்டையில் அடி வாங்கி, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டு முழுப் படத்தையும் ஓட்டிக் காட்ட வேண்டும். என் இரண்டு படங்களும் அப்படி வாயால் சம்பாதித்தவைதான். மூன்றாவது கதையை யாங்கோனில், தாமுவேயில், எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் நின்று போனில் சொன்னேன்.

ரங்கூன் தமிழன் எப்படிக் கன்னடப் பட இயக்குநர் ஆனான் என்று எல்லோரும் கேட்பார்கள். பெங்களூரில் அத்தை வீடு இருந்தது. படிக்கப் போனேன், படிக்கவில்லை. சென்னையில் வாய்ப்புக் கேட்டபோது என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். பெங்களூரில் என் கன்னடத்தைக் கேட்டும் சிரித்தார்கள்; ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அங்கேயே இருந்துவிட்டேன். முதல் படம் ஓடியது. இரண்டாவது படுத்துவிட்டது. அதற்குப் பிறகு என் போனை எடுக்க ஆளில்லை.

அந்த நேரத்தில்தான் இங்கே யாங்கோனில் அப்பா போய்விட்டார். விமானம் மாறி நான் வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். கருமாதி முடிந்ததும் திரும்பலாம் என்று ஒற்றைப் பையோடு வந்தவன் நான். அதற்குள் இங்கே சட்டம் வந்துவிட்டது. என் வயது ஆண்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள், வெளிநாடு போகவும் விடுவதில்லை. ஒருமுறை விமான நிலையம் வரை போய்ப் பார்த்தேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், திருப்பிக் கொடுத்தார், வாசலைக் கைகாட்டினார். மனுஷன் திட்டியாவது இருக்கலாம்.

பிறகு வீடுதான். இருட்டினால் அம்மா தெருவில் கால் வைக்க விடமாட்டாள். தெருவில் வேன் நின்றால் என்னைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுவாள். அந்தக் குளியலறையில் உட்கார்ந்துதான் கதையை யோசித்தேன். தூர ஊரில் இருக்கும் லாரி ஓட்டுநருக்கு அப்பா செத்த செய்தி வருகிறது. கொள்ளி வைக்க அவன் மழைக்குள் லாரியை விரட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான். அவ்வளவுதான் கதை. எங்கிருந்து பிடித்தேன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

நான் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததில், ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு கதாநாயகனின் மேலாளர் கூப்பிட்டார். ஹீரோ மத்தியானம் கதை கேட்கிறாராம். பெரிய நடிகர். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தயாரிப்பாளர் யாரையாவது பிடித்து, எதையாவது செய்து என்னை இங்கிருந்து எடுத்துவிடுவார் என்று நம்பினேன். அம்மா என்னைவிட நம்பினாள்.

"தைரியமாச் சொல்லுடா தம்பி. ஆனா சத்தம் போடாதே. பட்டாளத்துக்குப் பேர் எழுதுற வார்டு ஆபீஸ்காரன் காதுல உழுந்தா அவ்வளவுதான்."

"சத்தம் போடாம எப்படிம்மா சண்டைக் காட்சி சொல்றது?"

"சண்டை இல்லாத கதையாச் சொல்லேன்."

சிக்னல் மாடியில் மட்டும்தான் நிற்கும். அம்மா படிக்கட்டுக் கதவில் காவல் நின்றாள். நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று ஆரம்பித்தேன். லாரி உறுமியது. மழை பெய்தது. சாலையில் நாலு பேரிடம் அடி வாங்கிக் கீழே விழுந்தேன். எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் ஒரு பர்மாக்காரர் வெற்றிலையை மெல்ல மறந்து என்னையே பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். போனில் "ஹேளி சார், ஹேளி" என்று ஹீரோவின் குரல் வந்துகொண்டிருந்தது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்கிறார்! ஒரு ஹீரோ அப்படிக் கேட்டால் படம் கைக்கு வந்த மாதிரி.

இடைவேளைக்கு வந்தேன். லாரி ஆற்றங்கரையில் நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பாலம் இல்லை. அவன் இறங்கி...

"மீ லாபி!"

கரண்ட் வந்துடுச்சு என்று தெரு முழுக்கக் கத்தியது. இங்கே கரண்ட்டை முறை வைத்துத்தான் விடுவார்கள்; அன்றைக்கு எங்கள் முறை ராத்திரிதான். எந்தப் புண்ணியவான் முன்னாலேயே விட்டானோ தெரியாது. கரண்ட் வந்தால் இங்கே முதல் வேலை தண்ணீர் ஏற்றுவது. எல்லாக் கட்டடத்திலும் மோட்டார் ஒரே நேரத்தில் உறுமியது. என் லாரி அதில் மூழ்கிப்போனது. தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றார்கள். லைன் செத்துவிட்டது. நாளெல்லாம் கரண்டுக்காக வேண்டிக்கொள்கிறவன், அன்று அதை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

சாயங்காலம் மேலாளரே கூப்பிட்டார். ஹீரோவுக்கு முதல் பாதி ரொம்பப் பிடித்துவிட்டதாம், உடனே கிளம்பி வாருங்கள், மீதியை நேரில் கேட்கிறார் என்றார். என் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். எப்படியாவது என்னை எடுங்கள் சார் என்று கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். "பார்க்கிறோம் சார்" என்றார். சினிமாவில் அந்த வார்த்தையை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நான் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. கடைசியில் போன் வந்தது என் பழைய உதவி இயக்குநரிடமிருந்து. என் வயதுக்காரன். வெளியே வாடா போடா, செட்டில் மட்டும் சார். அன்றைக்குச் சார் என்றுதான் ஆரம்பித்தான். அங்கேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க படத்தை என்னைப் பண்ணச் சொல்றாங்க. நான் மாட்டேன்னா வேற எவனுக்காவது குடுத்துருவாங்க. கதைன்னு உங்க பேரைப் போடச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை. இடைவேளைக்கு அப்புறம் என்ன சார்?"

கன்னடத்தில் திட்டினேன், தமிழில் திட்டினேன், அவனுக்குப் புரியாத பர்மியிலும் திட்டித் தீர்த்தேன். பாவி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு லைனிலேயே இருந்தான். சத்தம் கேட்டு அம்மா மாடிக்கு ஓடி வந்தாள்.

"அவங்களாடா? மீதிக் கதை கேக்குறாங்களா?"

"ஆமாம்மா."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஓடிப்போய்ப் படிக்கட்டுக் கதவில் நின்றுகொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு போனை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னேன். ஒரு காட்சி விடாமல் சொன்னேன். லாரிக்காரன் கரை கரையாக அலைந்து ஊருக்கு எதிரே வந்து நிற்கும்போது அக்கரையில் சிதை எரிந்துகொண்டிருக்கிறது. போனில் உதவி இயக்குநர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இதுல கேமராவை எங்க சார் வைக்கிறது?"

கதையை மட்டும் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கேமரா வைக்கும் இடம் இயக்குநருடையது. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இவன் அக்கரைக்குப் போய் நெருப்புக்குக் கிட்டே வைத்துக் கெடுத்துவிடுவானே என்று பதறியது.

"இந்தக் கரையிலேயே வைடா. அவன் முதுகுக்குப் பின்னால. ஆத்தைத் தாண்டிடாதே."

போனை வைத்தேன். அம்மா வந்து என் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"எல்லாம் சொல்லிட்டியா? எப்ப பூஜையாம்?"

"வெள்ளிக்கிழமை."

"ஐயய்யோ, நாளே இல்லையேடா!" என்று என் நல்ல சட்டைகளைத் துவைக்கக் கீழே ஓடினாள்.